அணியில் பெயர் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வா! - நெதர்லாந்தில் ஒரு ஹாக்கி கிராமம்

"டியூலிப் தோட்டத்துக்கு டிக்கெட் போடட்டுமான்னு கேட்டா, ஹாக்கி கிரவுண்டைப் பார்க்கணும்னு சொல்ற முதல் ஆள் நீதான்டி!"

அக்கா இப்படித்தான் ஆரம்பித்தாள். ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டெல்வீனில் அக்காவும் மாமாவும் குடியிருக்கிறார்கள். ஐடி வேலைக்காக வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றால் காதில் தமிழ் விழும். ஏப்ரல் மாதம், பத்து நாள் லீவு, கையில் போன். காற்றாலை, சீஸ் சந்தை, டியூலிப் என்று அக்கா பெரிய பட்டியலே போட்டு வைத்திருந்தாள். என்னிடம் இருந்த பட்டியலில் ஒரே ஓர் ஊர்தான். புளூமன்டால்.

"அங்கே என்ன இருக்கு?"

"ஒரு ஹாக்கி கிளப் இருக்கு. டோன் டி நோயர் ஆடின கிளப்."

"யாரு அது?"

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலரும் இதே கேள்வியைக் கேட்கலாம். கிரிக்கெட்டில் 453 சர்வதேசப் போட்டி ஆடிய ஒருவர் என்றால், நம் ஊரில் அவர் பெயர் தெரியாத குழந்தை இருக்காது. ஹாக்கியில் நெதர்லாந்துக்காக 453 போட்டிகள் ஆடியவர் டி நோயர். 5 ஒலிம்பிக், 2 தங்கம், 2 வெள்ளி. உலகின் சிறந்த ஹாக்கி வீரர் விருது 3 முறை. முன்கள வீரராக வளர்ந்து, பின்னாளில் நடுக்களத்திலிருந்து மொத்த ஆட்டத்தையும் ஓட்டியவர்.

எனக்கு அந்தப் பெயர் மனதில் நின்றதற்குப் பதக்கங்கள் காரணம் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காட்டுக்குள் ஒரு மைதானம்

புளூமன்டாலுக்குப் போவதற்கு முந்தைய நாள் மாலை, மாமாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு 'ஆம்ஸ்டர்டாம்ஸ பாஸ்' என்ற காட்டுக்குள் போனேன். காடு என்றாலும் மனிதர்கள் நட்டு வளர்த்தது. 1930-களில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தபோது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே உருவாக்கிய காடு. அதற்குள்தான் வாகனர் ஸ்டேடியம் இருக்கிறது. நெதர்லாந்து ஹாக்கியின் கோயில் என்றே சொல்லலாம்.

கேட் பூட்டியிருந்தது. வேலி இடுக்கு வழியாகப் பச்சைத் தரை கொஞ்சம் தெரிந்தது. நமக்கு வலிக்கிற இடம் இது. 1973 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியாவும் நெதர்லாந்தும் மோதியது இங்கேதான். 2-0 என்று முன்னிலையில் இருந்த இந்தியா 2-2 என்று சமநிலைக்கு இறங்கி, பெனால்டி ஸ்ட்ரோக்கில் 4-2 என்று தோற்றது. அதே ஆம்ஸ்டர்டாம் 1928-ல் நமக்கு இனிப்பு கொடுத்த ஊர். தியான்சந்த் ஆடிய இந்திய அணி, ஒலிம்பிக் இறுதியில் நெதர்லாந்தை 3-0 என்று வென்று முதல் தங்கத்தை வாங்கியது இந்த நகரத்தில்தான்.

அந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் நெதர்லாந்து மெல்ல மெல்ல ஏறி வந்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரைக்கு மாறியது. ஊருக்கு ஊர் அப்படி ஒரு தரை போட நெதர்லாந்து கிளப்புகளிடம் வசதி இருந்தது. நாம் இயற்கைப் புல்லிலும் மண்ணிலும் பழகிக்கொண்டிருந்தோம். ஆனாலும் ஆடவர் ஹாக்கியில் ஒலிம்பிக் தங்கம் மட்டும் அவர்களுக்கு 1996 வரை கிடைக்கவே இல்லை. கிடைத்தபோது அந்த அணியில் 20 வயதுப் பையன் ஒருவன் இருந்தான்.

பூக்களின் பள்ளத்தாக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை டிராம் பிடித்து ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து ரயிலில் ஹார்லெம். இருபது நிமிடம்கூட ஆகாத இந்தப் பாதைதான் நெதர்லாந்தின் முதல் ரயில் பாதை. 1839-ல் திறந்தது. ஹார்லெமில் ரயில் மாறினால், அடுத்த ஸ்டேஷன் புளூமன்டால். அதே தடத்தில் இன்னும் வடக்கே போனால் சீஸ் சந்தைக்குப் பேர்போன அல்க்மார் வரும். அல்க்மாருக்குப் பக்கத்தில், கடலோர மணற்குன்றுகளை ஒட்டி எக்மண்ட் ஆன் டென் ஹூஃப் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இடிந்த கோட்டை ஒன்றைத் தவிர பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லாத அந்த ஊரில்தான், 1976 மார்ச் 22-ல் டி நோயர் பிறந்தார். அல்க்மார் கிளப்பில் ஸ்டிக் பிடித்து வளர்ந்தவர், 1990-களின் நடுவில் புளூமன்டாலுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் பெயரும் இந்த ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டன.

புளூமன்டால் என்றால் பூக்களின் பள்ளத்தாக்கு என்று அர்த்தம் சொல்லலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பெரிய பெரிய மரங்கள், தோட்டம் வைத்த பெரிய வீடுகள். நாட்டின் பணக்கார ஊர்களில் ஒன்று என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். மேற்கே மணற்குன்றுகள், அதைத் தாண்டினால் கடல். அந்தக் குன்றுகளில் ஒன்றுக்கு 'கோப்யா' என்று பெயர். கிளப் மைதானத்தையும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள்.

வழி கேட்கவே தேவையில்லை. முதுகில் ஹாக்கி ஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்க, சைக்கிள்கள் வரிசையாக ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. எட்டு வயதுச் சிறுமி, கல்லூரி மாணவர்கள், தலை நரைத்த ஒருவர், கூடவே அவர் மனைவி. அந்த வரிசைக்குப் பின்னால் நடந்தேன்.

டீக்கடை மாதிரி ஒரு கிளப் ஹவுஸ்

பிரம்மாண்டமான ஸ்டேடியத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பக்கத்தில் பக்கத்தில் சில செயற்கைப் புல்தரைகள், சிறிய கேலரி, ஒரு கிளப் ஹவுஸ். நூறு வயதைத் தாண்டிய கிளப் இது. ஐரோப்பாவின் பெரிய கோப்பைகளை எல்லாம் வென்ற கிளப். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் எனக்கு ஊர்த் திருவிழாவுக்கு வந்த உணர்வுதான் வந்தது.

சனிக்கிழமை சிறுவர், சிறுமியர் போட்டிகள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் முறை. காலையில் வயதானவர்கள் அணி, பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் அணி என்று வரிசையாக நடக்கும். மதியம் கிளப்பின் முதல் அணி களம் இறங்கும். நாட்டின் உச்சக்கட்ட லீக் ஆட்டம் அது. ஆட்டத்துக்கு முன் தரையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஈரம் இருந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக ஓடும். விழுந்தாலும் தோல் உரியாது.

கிளப் ஹவுஸில் காபி ஊற்றிக் கொடுத்தவர் ஊழியர் இல்லை, உறுப்பினர். கிளப்புகளில் இப்படி முறை வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்கிறார்கள். டாக்டராக இருந்தாலும் வக்கீலாக இருந்தாலும் அன்றைக்கு அவர் காபி மாஸ்டர். சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும் காபியும் வாங்கிக்கொண்டு வேலி ஓரம் நின்றேன்.

எதிரே ஆடிக்கொண்டிருந்தது பெண்கள் அணி. எல்லோருக்கும் நாற்பது, ஐம்பது வயது இருக்கும். ஒருவர் முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். பந்தைத் தவறவிட்டால் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து சிரித்தார்கள். ஆனால் கோல் அருகே பந்து வந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

பக்கத்தில் நின்றிருந்த பாட்டியிடம், "இவர்கள் முன்னாள் வீராங்கனைகளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"முன்னாளா? இந்நாள்தான். பார்த்தால் தெரியவில்லையா, இப்போது ஆடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!" என்றார்.

அவர் சொன்ன 'இந்நாள்' என் காதிலேயே நின்றுவிட்டது. நெதர்லாந்தில் 300-க்கும் மேற்பட்ட ஹாக்கி கிளப்புகள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மக்கள்தொகையோ தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்கு கிடையாது. இத்தனை பேரில் நாட்டுக்காக ஆடப் போவது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்கள் ஏன் ஆடுகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆடுகிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு தங்க கோல்கள்

இந்தத் தரையில் பழகிய டி நோயர், 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 3-1 என்று வென்றார்கள். பயிற்சியாளர் ரோலண்ட் ஓல்ட்மன்ஸ். பிற்காலத்தில் நம் இந்திய அணிக்கும் பயிற்சியாளராக வந்தாரே, அவரேதான். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியையும் பாகிஸ்தானை வீழ்த்தி நெதர்லாந்து தூக்கிச் சென்றது, எழும்பூர் பக்கம் இருக்கும் மூத்த ரசிகர்களுக்கு நினைவிருக்கலாம்.

1998-ல் உலகக் கோப்பை சொந்த மண்ணிலேயே நடந்தது. உட்ரெக்ட் நகரின் கால்கன்வார்ட் கால்பந்து ஸ்டேடியத்தை ஹாக்கிக்காக மாற்றியிருந்தார்கள். இறுதியில் மறுபடியும் ஸ்பெயின். 2-2 என்று ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அப்போது 'தங்க கோல்' விதி இருந்தது. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். அந்த கோலைப் போட்டவர் டி நோயர். வயது 22.

அவர் ஆட்டத்தை யூடியூபில் தேடிப் பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் போகும், பந்து மறு பக்கம் போகும். தடுக்க வந்தவர் ஸ்டிக்கைக் கீழே வைத்தால், பந்தை லேசாகத் தூக்கி அதன் மேலேயே தாண்ட வைப்பார். ஸ்டிக்கைத் திருப்பி அடிக்கும் ரிவர்ஸ் ஹிட் வேறு. இவ்வளவும் செய்துவிட்டுப் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் திரும்பி நடப்பார்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் மறுபடியும் தங்கம். தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம் 3-3, பெனால்டி ஸ்ட்ரோக்கில் 5-4. அடுத்து 2004 ஏதென்ஸ். தொடர்ந்து மூன்றாவது தங்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவுடன் 1-1, கூடுதல் நேரம், அதே தங்க கோல் விதி. இந்த முறை அடித்தவர் ஆஸ்திரேலியாவின் ஜேமி டுவயர். ஆறு வருடம் முன்பு ஸ்பெயின் வீரர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்பது டி நோயருக்கு அன்று புரிந்திருக்கும்.

சுவாரஸ்யமே இதற்குப் பிறகுதான். அந்த டுவயரும் டி நோயரும் புளூமன்டால் கிளப்புக்காக ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். 2003 முதல் 2007 வரை உலகின் சிறந்த வீரர் விருது இந்த இருவரைத் தாண்டி வெளியே போகவில்லை. 2003, 2005, 2006-ல் டி நோயர், 2004, 2007-ல் டுவயர். 2006 முதல் 2010 வரை தொடர்ந்து 5 முறை புளூமன்டால் தேசிய சாம்பியன். 2009-ல் ஐரோப்பிய ஹாக்கி லீக் கோப்பை. தங்கத்தைத் தட்டிப் பறித்தவரோடு ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து ஷூ மாட்டுவது எப்படி இருந்திருக்கும்? நான் நின்றிருந்த வேலியிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு தெரிந்தது. சாதாரண மரக் கதவு.

பட்டியலில் பெயர் இல்லாத நாள்

2008 பெய்ஜிங்கில் நெதர்லாந்துக்கு நான்காம் இடம். பதக்கம் இல்லை. டி நோயருக்கு வயது 32. அடுத்த ஒலிம்பிக் வரைக்கும் தாங்குவாரா என்ற கேள்வி எழுவது இயல்புதானே. லண்டன் ஒலிம்பிக் நெருங்கிய சமயத்தில், பயிற்சியாளர் பால் வான் ஆஸ் புதிய அணியைக் கட்டும் முயற்சியில் இறங்கினார். இரண்டு பெரிய பெயர்களை வெளியே வைத்தார். பெனால்டி கார்னர் நிபுணர் டாகே டாகெமா ஒருவர். இன்னொருவர் டி நோயர்.

இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஓர் உலகக் கோப்பை, நானூறுக்கும் மேற்பட்ட போட்டிகள். இவ்வளவு இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை. 35 வயதில் அப்படி ஒரு செய்தி வந்தால், பெரும்பாலானவர்கள் ஓய்வை அறிவித்துவிட்டு டி.வி வர்ணனைக்குப் போயிருப்பார்கள். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

டி நோயருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சம் இருந்தன. நாட்டு அணியில் இடம் போனாலும் கிளப் அணியில் இடம் போகவில்லை. இதே ஈரத் தரை, இதே காபி வாசனை, வேலி ஓரம் இதே பாட்டிகள். அவர் தொடர்ந்து ஆடினார். சில மாதங்களில் பயிற்சியாளர் மனம் மாறி அவரைத் திரும்ப அழைத்தார். டாகெமாவுக்கு அந்த அழைப்பு வரவே இல்லை. எல்லாக் கதையும் சுபமாக முடிவதில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

36 வயதில் டி நோயருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். லண்டன் அரையிறுதியில் போட்டியை நடத்திய பிரிட்டனை 9-2 என்று நெதர்லாந்து சிதறடித்தது. இறுதியில் ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்றது. கழுத்தில் வெள்ளி. அவர் மனைவியும் ஜெர்மனிக்காக ஹாக்கி ஆடியவர் என்பதால், வீட்டில் அன்று யார் யாரைத் தேற்றினார்களோ!

அடுத்த ஆண்டு, முதல் ஹாக்கி இந்தியா லீக்கில் உத்தரப்பிரதேச விசார்ட்ஸ் அணிக்காக லக்னோவுக்கும் வந்து ஆடிவிட்டுப் போனார். நெதர்லாந்து அணிக்கு அதற்குள் விடை கொடுத்திருந்தார். 453 என்ற எண் அங்கேயே நின்றது.

நீங்களும் போகலாம்!

ஹாக்கி சீசன் செப்டம்பர் தொடங்கி மே வாக்கில் முடியும். நடுவில் குளிர்கால இடைவேளை உண்டு. அப்போது உள்ளரங்க ஹாக்கிக்கு மாறிவிடுவார்கள். முதல் அணி ஆட்டம் பார்க்க ஞாயிறு மதியம் சரியான நேரம். குழந்தைகளோடு போகிறவர்கள், குட்டிக் குழந்தைகள் ஆடுவதைப் பார்க்க சனிக்கிழமையே போய்விடுங்கள். ஏப்ரலில் போனால் ஹார்லெமுக்குத் தெற்கே டியூலிப் வயல்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். கடற்கரை வரை நடக்கத் திட்டம் இருந்தால் காற்றைத் தாங்கும் ஜாக்கெட் அவசியம். ஏப்ரல் வெயிலை நம்பி ஏமாந்தவள் சொல்கிறேன்.

பரண் மேல் இருக்கும் ஸ்டிக்

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஹாக்கி ஊர். பள்ளியில் நானும் ஃபார்வர்டு. பதினாறு வயதில் ஒரு தேர்வு முகாமுக்குப் போனேன். மூன்று நாள் ஆடினோம். கடைசி நாள் சாயங்காலம் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை படித்தேன். என் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. அப்பா என்னை பைக்கில் கூட்டி வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்டிக்கைப் பரண் மேல் போட்டேன். அதோடு சரி.

பிறகு ஜர்னலிசம் படித்து, வேலைக்கு வந்து, ஒரு நாள் இரவு ஷிஃப்டில் பழைய ஒலிம்பிக் செய்திகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் டி நோயர் கழற்றிவிடப்பட்ட கதையைப் படித்தேன். இவ்வளவு பெரிய ஆளுக்கும் அந்தப் பட்டியல் உண்டா என்று இருந்தது. அப்படியென்றால் மறுநாள் அவர் எங்கே போனார்? அந்த இடத்தைப் பார்க்கத்தான் புளூமன்டாலுக்கு வந்தேன்.

பார்த்துவிட்டேன். அவர் திறமையில் நூறில் ஒரு பங்குகூட எனக்குக் கிடையாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாத பதினாறு வயதுப் பெண்ணுக்கும் மறுநாள் போய் நிற்க ஒரு வேலி ஓரம், ஆட ஒரு மூன்றாவது அணி, நான்காவது அணி இங்கே இருக்கிறது. நம் ஊரில் பட்டியலுக்கு வெளியே எதுவும் இல்லை என்றே நான் நினைத்துவிட்டேன். அந்த வயதில் யாராவது "நாளைக்குச் சாயங்காலம் சும்மா ஆட வா" என்று கூப்பிட்டிருந்தால் போதும், போயிருப்பேன்.

மதிய ஆட்டம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். தூரத்தில் முழங்கால் பட்டைக்காரப் பெண்மணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அப்பா, பரண்ல என் ஸ்டிக் இருக்கா?"

"இருக்கும்மா. எதுக்கு?"

"எடுத்துத் துடைச்சு வைங்கப்பா. ஊருக்கு வந்ததும் ஞாயித்துக்கிழமை ஆடப் போகணும்."

அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு போனை யார் கையிலோ கொடுத்துவிட்டு எழுந்தார். ஏணி இழுக்கும் சத்தம் கேட்டது.